ஆத்தூர் வண்டியின் எட்டு இருபது

நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் நம் முதலாளி சார். இப்படி எழுதுவதெல்லாம் பணி ஓய்வு பெறுகிறவர்கள் செய்கிற காரியம். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை, கல்யாணமும் ஆகவில்லை. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும் வேலை கிடைத்திருக்கிறது, அதனால் இந்தத் தொழிலை விட்டுப் போகிறேன். போகிற ஆள் பேசினால் நாலு பேர் பொறுமையாகக் கேட்பார்கள். அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

பி.எச்.பி. மொழியில் புரோகிராம் எழுதுவது எப்படி என்று இதில் ஒன்றும் இருக்காது. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நீங்கள் சேர்ந்த முதல் வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, நம்ம புரோகிராம் எல்லாத்துலயும் ஆரம்பத்துலயே இம்புட்டு நீளத்துக்கு ஒரு சோதனை இருக்கே, அது எதுக்கு? கான்ஃபிக் அரேல இருக்கிறது ஸ்டிரிங்கா, நம்பரா, உள்ள இன்னொரு அரேயான்னு ஒண்ணொண்ணாப் பார்க்குது. நாமதானே அந்த ஃபைல எழுதுறோம்? நம்மள நாமே சந்தேகப்படணுமா?" அன்றைக்குப் போயிருந்த மின்சாரம் வந்துவிட்டதால் எல்லோரும் நாற்காலிக்கு ஓடிவிட்டோம். பதில் பாக்கி நின்றுவிட்டது. அந்தப் பதில்தான் இது.

நான் இங்கே சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத சமயம். அப்போது அலுவலகத்தில் சார், ஜெசிந்தா அக்கா, நான் என்று மூன்றே பேர். ஜெசிந்தா அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நமக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, ஊருக்கு வெளியே இருந்த ஒரு நூற்பாலையின் வருகைப்பதிவு. ஆலையில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆலை வண்டிகள் நிலக்கோட்டைப் பக்கம், வத்தலக்குண்டுப் பக்கம், ஆத்தூர்ப் பக்கம் என்று போய்க் காலையில் அவர்களை ஏற்றிக்கொண்டு வரும். வாசலில் ஒவ்வொருவரும் தம் அட்டையை மெஷினில் தேய்த்துவிட்டு உள்ளே போகவேண்டும். எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் வந்தால் வாசலில் நெரிசலாகும் என்பதால், எந்த ஊர் வண்டிக்காரர்கள் எத்தனை மணிக்குள் அட்டை தேய்க்கவேண்டும் என்று தனித்தனியாக நேரம் வைத்திருந்தார்கள். அந்த நேரத்தைத் தாண்டினால் 'லேட்'.

லேட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கக் கற்ற முதல் ஆள் நான். என் அக்கா வேறொரு மில்லுக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தாள். அவளுக்கு லேட் விழுந்த அன்று தொட்டுக்கொள்ள எவ்வளவு நல்ல வெஞ்சனம் வைத்தாலும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். அதற்கு மேல் ஏதும் கேட்கக் கூடாது என்று எங்களுக்கும் தெரியும்.

ஒருநாள் ஆலை மேலாளர் சாரைக் கூப்பிட்டார். ஊர்வாரியாக யாருக்கு எவ்வளவு லேட் என்று ஒரு ரிப்போர்ட் வேண்டுமாம், அன்றைக்குள் வேண்டுமாம். ஆத்தூர் வண்டியை அடுத்த மாதத்திலிருந்து நிறுத்தப்போகிறார்கள். அந்த ஊர்ப் பெண்கள் தினமும் லேட்டாக வருகிறார்கள், அவர்களுக்காக டீசல் போட்டு வண்டி ஓட்டுவது வீண் என்று முடிவாகிவிட்டது. வண்டி ஒப்பந்தக்காரருக்குக் காட்ட ஒரு காகிதம் தேவை. சார், ஜெசிந்தா அக்காவையும் என்னையும் அனுப்பிவைத்தார்.

வருகைப்பதிவு நடக்கும் அறையை அங்கே டைம் ஆபீஸ் என்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் கனகராஜ் அண்ணன். கீ-போர்டின் இடுக்கில் பஞ்சு படியாமல் இருக்க அதன்மேல் எப்போதும் ஒரு ஈரிழைத் துண்டைப் போட்டு வைத்திருப்பார். எங்களைக் கண்டதும் "வாங்கப்பு, வாம்மா ஜெசிந்தா, மொதல்ல டீ சாப்பிடுங்க. மெஷினு எங்கயும் ஓடிறாது" என்றார்.

ரிப்போர்ட் எழுதுவது கஷ்டமாக இல்லை. முற்பகலுக்குள் முடித்துவிட்டோம். திரையில் வந்ததைப் பார்த்தால் மேலாளர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. மற்ற ஊர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக லேட். ஆத்தூரில் மட்டும் அநேகமாக எல்லா நாளும், எல்லாப் பேரும் லேட். எப்போதோ ஓரிரு நாள் எல்லோரும் சரியான நேரம்.

"அக்கா, பிரிண்ட் போட்டுக் குடுத்துட்டா சாப்பாட்டுக்கு டவுனுக்குப் போயிரலாம்" என்றேன்.

ஜெசிந்தா அக்கா திரையைவிட்டு அசையவில்லை. "ஏன்டா தம்பி, ஒரு ஊருல ஒருத்திகூடவா சீக்கிரம் வர மாட்டா?"

"எல்லாரும் ஒரே வண்டில வாராங்கல்ல அக்கா. வண்டி லேட்டுன்னா எல்லாரும் லேட்டுதான்."

"சரி. நிலக்கோட்டை வண்டி பஞ்சராகி நின்ன அன்னிக்கு அவங்க எல்லாரும் லேட். அது ஒருநாள். ஆத்தூர் வண்டி மாசக்கணக்குல தினம் பஞ்சராகுதா?"

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ரிப்போர்ட்டில் பிழை இல்லை, கூட்டல் சரியாக இருந்தது, கேட்டவர் எதிர்பார்த்த விடையும் அதில் வந்திருந்தது. நாங்கள் காகிதத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருந்தால் எங்களை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எதிர்பார்த்த விடை வரும்போது இன்னொரு தடவை பார்க்கிற வழக்கம் ஜெசிந்தா அக்காவுக்கு இருந்தது. அந்த வழக்கம் எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது என்றால் அது அவர் புண்ணியம்.

அந்த நேரத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. டைம் ஆபீஸ் ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றார். தலையில் கட்டிய துண்டு முழுக்கப் பஞ்சு. ஆத்தூர் வண்டிக்காரர்களின் சார்பில் எதற்கும் முன்னால் வந்து பேசுகிற முத்துலட்சுமி இவர்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"அண்ணே, எங்க வண்டிய நிப்பாட்டப் போறாகன்னு பேச்சு அடிபடுதே, நெசமா?"

"எனக்கென்னம்மா தெரியும். ஆபீஸ்ல கேளு" என்றார் கனகராஜ் அண்ணன்.

"ஆபீஸ்ல கேட்டா கம்ப்யூட்டரக் கேளுங்கிறாரு. கம்ப்யூட்டரு ஒங்கிட்டதான இருக்கு? கேட்டுச் சொல்லு."

"அது லேட்டுன்னு சொல்லுது. நான் என்ன பண்ண?"

முத்துலட்சுமி எங்கள் இருவரையும் பார்த்தார். "இவுகதான் இத எழுதுன ஆளுகளா? ஏத்தா, நீயே சொல்லு. நாங்க உள்ள வந்து, துண்டக் கட்டி, தண்ணியக் குடிச்சு, செத்த நேரம் குந்தியிருந்த பெறகுதான் சங்கு ஊதுது. லேட்டா வந்தவ எங்கிட்டுக் குந்துறது? ஓடிப்போயி மெஷின்லல்ல நிக்கணும்? சூப்பர்வைசரு என்னடான்னா, ஆத்தூரு டேமுல முங்கிக் குளிச்சுட்டுச் சாவகாசமா வாராளுகங்கிறாரு. எங்கூரு டேமுத் தண்ணி கொழாய் வழியா டவுனுக்கு வருது. அதுல குளிக்கிறது அவருதான். நாங்க கொடத்தத் தூக்கிட்டு அலையிறோம்."

ஜெசிந்தா அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முத்துலட்சுமி சிரிக்கவில்லை. "வண்டி நின்னா நாங்க அம்புட்டுப் பேரும் வேலைய விட்டுற வேண்டியதுதான். அந்த நேரத்துக்கு எங்க பக்கம் வேற பஸ் கெடயாது. நாங்க சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாக. நீங்க ஒரு தடவ பாத்தாத்தான் என்ன?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா உடனே, லேட் கணக்கை விட்டுவிட்டு, அட்டை தேய்த்த நேரத்தை மட்டும் எடுத்துப் பார்த்தார். முந்தின நாள் ஆத்தூர் பெண்கள் எட்டு பத்து, எட்டு பதினொன்று என்று வரிசையாகத் தேய்த்திருந்தார்கள். "கனகராஜ் அண்ணே, ஆத்தூருக்கு எத்தன மணி வரைக்கும் டைம்?"

"எட்டு இருபதும்மா."

எட்டு பத்துக்கு வந்தவர்களுக்கு எட்டு இருபது வரை நேரம். ஆனால் புரோகிராம் லேட் என்று போட்டிருக்கிறது. இது மனிதர்களின் பழக்கம் பற்றிய விஷயம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது அது நாங்கள் எழுதிய விஷயமாகிவிட்டது.

புரோகிராமுக்கு வேண்டிய விவரங்களை எழுதிவைக்கும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்தோம். ஊர்ப் பெயரும் நேரமுமாக ஒரு அரே, அதாவது ஒரு பட்டியல். நேரத்தை நம் பக்கம் எப்படி எழுதுவோம் என்று உங்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே ஒரு புள்ளிதான். கனகராஜ் அண்ணனுக்குப் பழகினதாக இருக்கட்டும் என்று அக்காவும் ஃபைலில் அப்படியே வைத்திருந்தார். நிலக்கோட்டைக்கு எதிரே மேற்கோள் குறிக்குள் 8.15. வத்தலக்குண்டுக்கு எதிரே குறிக்குள் 8.25. கடைசியாக ஆத்தூர். அதற்கு எதிரே 8.20 இருந்தது. குறி மட்டும் இல்லை.

குறிக்குள் இருந்தால் அது ஸ்டிரிங், அதாவது வெறும் எழுத்து, எழுதியபடியே இருக்கும். குறி இல்லாவிட்டால் பி.எச்.பி. அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொள்ளும். தசம எண்ணில் கடைசிச் சுழிக்கு மதிப்பில்லை. 8.20 என்பது 8.2 ஆகிவிடும். எங்கள் புரோகிராம் புள்ளியில் வெட்டி, முன்னால் இருப்பது மணி, பின்னால் இருப்பது நிமிடம் என்று எடுத்தது. மணி எட்டு, நிமிடம் இரண்டு. ஆத்தூர்ப் பெண்கள் எட்டு இரண்டுக்குள் வந்திருக்கவேண்டும் என்று அது தினமும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. சாலையில் கூட்டம் இல்லாத நாளில் வண்டி எட்டு மணிக்கு முன்பே வந்துவிடும். அந்த ஓரிரு நாள்தான் ரிப்போர்ட்டில் சரியான நேரம் என்று தெரிந்தது. எப்போதும் தவறாக இருந்திருந்தால் யாராவது மெஷினைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். எப்போதாவது சரியாக இருந்ததால், "மனசு வச்சா சீக்கிரம் வர முடியுதுல்ல?" என்று அதையும் அந்தப் பெண்களுக்கு எதிராகவே பேசியிருக்கிறார்கள்.

அந்த வரியை யார் எழுதினார்கள் என்று நாங்கள் கேட்கவே இல்லை. கனகராஜ் அண்ணனே சொன்னார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"நான்தாம்மா. ஆத்தூருக்குப் புதுசா வண்டி விட்டப்ப நானே சேர்த்தேன். ஃபைல்ல நீங்களே சேர்த்துக்கலாம்னு சார் சொல்லிருந்தாருல்ல? மேல பார்த்தேன், நேரத்துக்குக் குறி இருந்துச்சு. கீழ பார்த்தேன், ஷிப்டு எத்தன, சலுகை நிமிஷம் எத்தனங்கிறதுக்கெல்லாம் குறி இல்ல. பேருக்குக் குறி, நம்பருக்குக் குறி வேண்டாம் போலன்னு நெனச்சேன். போட்டேன். ஓடுச்சு. சரின்னு விட்டுட்டேன்."

அவர் யோசித்ததில் என்ன தவறு என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. முதன்முதலாக அந்த ஃபைலைப் பார்க்கும் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

"எனக்கு ரெண்டு பொண்ணுக. வெளிய தெரிஞ்சா என்னையத் தூக்கிருவாங்க. சத்தமில்லாம குறியப் போட்டுட்டுப் போயிருங்க. நாளைலருந்து சரியாயிரும்ல?" என்றார்.

நாளையிலிருந்து சரியாகிவிடும். ஆனால் நடந்து முடிந்த மாதங்களுக்கான ரிப்போர்ட் அப்படியேதான் இருக்கும். அதைக் காட்டி வண்டியை நிறுத்திவிடுவார்கள். கனகராஜ் அண்ணனைக் காப்பாற்றினால் ஆத்தூர்ப் பெண்களுக்கு வேலை போகும். உண்மையைச் சொன்னால் கனகராஜ் அண்ணன் போவார். அக்கா போனை எடுத்துச் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். "நான் வாரேன். நான் வாரவரைக்கும் மேனேஜர் ரூமுக்கு யாரும் போகாதீங்க" என்றார் சார்.

அவர் ஸ்கூட்டரில் வந்து சேரும்வரை நாங்கள் சும்மா இருக்கவில்லை. நீங்கள் கேள்வி கேட்ட அந்தச் சோதனையின் முதல் வடிவத்தை எழுதியது அப்போதுதான், அந்த டைம் ஆபீஸில்தான்.

நான் ஒரு யோசனை சொன்னேன். "அக்கா, எண்ணா வந்தா நாமளே ரெண்டு தசம இடம் வர்ற மாதிரி மாத்திக்கலாமே? 8.2 வந்தா 8.20ன்னு ஆக்கிருவோம். யாருக்கும் தொந்தரவு இல்ல."

"8.2ன்னு ஒருத்தர் எழுதுனா எட்டு இருபதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? எட்டு ரெண்டுன்னு நெனச்சு எழுதிருந்தா?"

"யாரு அக்கா எட்டு ரெண்டுக்கு நேரம் வைப்பாங்க?"

"ஆத்தூர்க்காரங்களுக்கு வச்சிருக்கோமே, இத்தன நாளா!" என்றார்.

உதவி செய்கிறோம் என்று நினைத்துப் புரோகிராமே மதிப்பை ஊகித்துத் திருத்திக்கொள்ளக் கூடாது. வந்தது நாம் கேட்ட வகையாக இல்லாவிட்டால், ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று அங்கேயே நிற்கவேண்டும். அதுவும் ஆரம்பிக்கும்போதே. மாதக்கணக்கில் ஓடிவிட்டு யாரோ ஒருவர் தலையில் விடிந்தபிறகு நிற்பதில் பயனில்லை. அரேவை அரேதானா என்று பார்த்தால் மட்டும் போதாது. அதற்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் பார்க்கவேண்டும். எங்களிடமும் வெளி அரே அரேவாகத்தான் இருந்தது. மூன்று ஊரில் இரண்டு சரி. அந்த ஒன்றில்தான் ஒரு வண்டி நிறையப் பெண்கள் இருந்தார்கள்.

இன்னொன்றையும் அக்கா பிடிவாதமாகச் சொன்னார். தவறு என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றால் கனகராஜ் அண்ணன் என்ன செய்வார்? எந்த வரியில், எது எதிர்பார்த்தது, எது வந்திருக்கிறது, என்ன செய்தால் சரியாகும் என்று சொல்லவேண்டும். அந்த மெஷினில் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்தோம். "ஆத்தூர் நேரம் எழுத்தாக இருக்க வேண்டும், எண்ணாக இருக்கிறது. குறிக்குள் போடவும்."

கனகராஜ் அண்ணனையே உட்காரவைத்து, வேண்டுமென்றே தப்பாக அடிக்கச் சொன்னோம். முதலில் தயங்கினார். குறியை எடுத்தார், நின்றது. நேரத்தை அழித்தார், நின்றது. இருபதுக்குப் பதில் எழுபது போட்டார், அதுவும் நின்றது. வெளிறிய முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. "ஏலே, இப்பத்தான்டா இது வாயத் தெறந்து பேசுது. மொதல்லயே பேசிருந்தா நான் கேக்க மாட்டேனா?" என்றார்.

அப்போது சார் உள்ளே வந்தார். நான்தான் முந்திக்கொண்டு விளக்கினேன். இன்ன வரியில் இன்ன தவறு, கனகராஜ் அண்ணன் குறி போடாமல் விட்டுவிட்டார் என்றேன். சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவரு அப்படி அடிச்சப்ப நம்ம புரோகிராம் ஏதாவது சொல்லுச்சா?"

"இல்ல சார்."

"அப்புறம் எப்படி அது அவரு தப்பாகும்?"

அவ்வளவுதான். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு மேலாளர் அறைக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். நம் அலுவலகத்துக்கு அப்போது இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் அந்த ஆலைதான். அவர்களுடைய இன்னொரு ஆலைக்கும் இதே புரோகிராமை எடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சாருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை.

மேலாளர் முழுவதையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப இத்தனை மாசமா உங்க மெஷின் பொய் சொல்லிருக்கு."

"ஆமா சார்" என்றார் எங்கள் சார்.

"யாரு டைப் பண்ணது?"

"யாரு பண்ணாலும், தப்பான வகையில வந்தா எங்க புரோகிராம் தடுத்திருக்கணும். தடுக்கல. அது எங்க குறை சார்."

"இதை வச்சுக்கிட்டுத்தான் அடுத்த யூனிட்டையும் குடுங்கன்னு கேட்டீங்களா?"

அடுத்த யூனிட் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு எங்களுக்குப் புதுத் துணி இல்லை. அதைப்பற்றிச் சார் ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கனகராஜ் அண்ணன் அதே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு அதே கீ-போர்டில்தான் வேலை பார்த்தார்.

மேலாளர் கெட்டவர் இல்லை. வண்டியை நிறுத்தும் பேச்சை அந்த இடத்திலேயே கைவிட்டார். "எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஒரு நோட்டீஸ் போட்டுருவோம்" என்று தானே எழுதி வாசல் பலகையில் ஒட்டச் சொன்னார். ஆத்தூர் வண்டித் தொழிலாளர்களின் தாமதம் மன்னிக்கப்பட்டது, வண்டி வழக்கம்போல் ஓடும் என்று இருந்தது அதில். எங்கள் புரோகிராமிலும் லேட்டை மன்னிக்க ஒரு வசதி உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அதை அழுத்தினோம், கிளம்பலாம் என்று பையை எடுத்தோம்.

ஷிப்டு விட்டது. பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். ஆத்தூர் வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டு நின்றது. முத்துலட்சுமி பலகை முன்னால் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்து முடித்ததும் சந்தோஷப்படுவார் என்று நினைத்து நான் பக்கத்தில் போய், "வண்டி நிக்காதுக்கா" என்றேன்.

"அது சரி தம்பி. மன்னிக்கப்பட்டதுன்னு போட்டுருக்காகளே. மன்னிக்கிறதுக்கு நாங்க என்ன தப்புச் செஞ்சோம்?"

"இல்லக்கா, அது வந்து…"

"லேட்டா வந்தோமா, வரலையா? நீதான பாத்த, சொல்லு."

"வரலக்கா. நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க."

"அதப் போடச் சொல்லு. மன்னிச்சு விட்டாகன்னா நாளைக்கும் அந்தாளு டேமுல குளிச்ச கதையத்தான் பேசுவாரு." பிறகு வண்டிப் பக்கம் திரும்பி, "ஏறாதீங்கடி, செத்த நேரம் நில்லுங்க" என்றார். படியில் கால் வைத்திருந்தவர்கள் இறங்கிவிட்டார்கள். டிரைவர் ஹார்ன் அடித்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மேலாளர் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வேண்டும் என்று கேட்டவர்கள் வண்டி கிடைத்தபிறகும் ஏறாமல் நிற்பது அவருக்குப் புரியவில்லை. எனக்கே அப்போதுதான் புரிந்தது. ஜெசிந்தா அக்கா யாரிடமும் ஒன்றும் கேட்காமல் திரும்ப டைம் ஆபீஸுக்குள் போனார். நாங்கள் அழுத்திய மன்னிப்பை நீக்கினார். சரியான நேரத்தை வைத்து, அட்டை தேய்த்த பதிவிலிருந்து எல்லா நாளுக்கும் புதிதாகக் கணக்குப் போடவைத்தார். பழைய மெஷின், மெதுவாகத்தான் போட்டது. வெளியே வண்டியும் நின்றது, பெண்களும் நின்றார்கள். நிலக்கோட்டை வண்டிக்காரர்களும் போகாமல் வேடிக்கை பார்த்தார்கள். பிரிண்டரிலிருந்து வந்த காகிதத்தை வாங்கிச் சார் மேலாளரிடம் கொடுத்தார். ஆத்தூருக்கு எதிரே லேட் கட்டங்கள் அநேகமாக எல்லாம் வெறுமையாக இருந்தன.

மேலாளர் அதில் விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, பலகையில் இருந்த நோட்டீஸைக் கிழித்துவிட்டு, வேறு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆத்தூர் வண்டியில் வந்தவர்கள் குறித்த நேரத்துக்குள்தான் வந்திருக்கிறார்கள், கணினியில் நேரம் தவறாக இருந்தது, இப்போது திருத்தப்பட்டது.

"போதுமா?" என்றார்.

"சத்தமா வாசிக்கச் சொல்லுங்கய்யா" என்றார் முத்துலட்சுமி. "எங்கள்ல பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது."

"யாரு வாசிக்கணும்?"

முத்துலட்சுமி யாரையும் கை காட்டவில்லை. ஆனால் எல்லோரும் சூப்பர்வைசரைத்தான் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். எஞ்சின் சத்தத்தில் முதல் வரி யாருக்கும் கேட்கவில்லை. டிரைவர் வண்டியை அணைத்தார். சூப்பர்வைசர் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். குறித்த நேரத்துக்குள்தான் வந்திருக்கிறார்கள் என்ற இடத்தில் ஒருத்தி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அதற்குப்பிறகு அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது, ஆனாலும் முழுதாக வாசித்தார்.

உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். அந்தச் சோதனையை நம்மைச் சந்தேகப்பட்டு எழுதவில்லை. நாம் எழுதிக் கொடுக்கும் ஃபைலை நமக்குத் தெரியாத ஒருவர் திறப்பார். நியாயமாக யோசித்துத்தான் ஒரு வரி சேர்ப்பார். அவரையும் நாம் பார்க்கவே பார்க்காத வேறு சிலரையும் காப்பாற்ற அந்த நிமிடத்தில் அங்கே நாம் இருக்க மாட்டோம். புரோகிராம் மட்டும்தான் இருக்கும். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினாலும் அதை எடுத்துவிடாதீர்கள். புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்த ஜெசிந்தா அக்காவுக்கும், பழியைத் தன்மேல் போட்டுக்கொண்ட சாருக்கும், மறைக்காமல் சொன்ன கனகராஜ் அண்ணனுக்கும் நான் பட்ட கடன் பெரிது. அதை அவர்களிடம் தீர்க்க வழியில்லை. உங்களிடம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அன்றைக்கு வாசித்து முடிந்ததும் முத்துலட்சுமி தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். பஞ்சு பறந்தது. "ம், இப்ப ஏறுங்கடி" என்றார். எல்லோரும் ஏறினார்கள். கடைசியாக அவர் படியில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்து, "ஏத்தா, ஒங்களுக்கும் டவுனுக்குத்தான போகணும்? வாங்க, போற வழியில எறக்கி விட்டுர்றோம். எடம் இருக்கு" என்றார்.